இசையும் மருந்தும் போற்றிய மைசூர் ராஜரிஷி

1894-ஆம் ஆண்டின் இறுதியில் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் கல்கத்தா சென்றிருந்தார். அங்கே தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோய் அவரைப் பற்றியது. டிசம்பர் 28-ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 31 மட்டுமே. 1892-இல் சுவாமி விவேகானந்தரைத் தமது அரண்மனையில் வரவேற்று உபசரித்த மன்னர் இவரே என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

அந்த நோய்க்கு அதுவரை தக்க சிகிச்சை இருக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் பாரிஸைச் சேர்ந்த எமீல் ரூ என்ற அறிஞர் ஒரு செய்தியை அறிவித்திருந்தார். குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஊனீரை ஊசி மூலம் செலுத்தினால் டிப்தீரியா கண்ட குழந்தைகளில் பலர் பிழைக்கிறார்கள் என்பதே அந்தச் செய்தி. ஐரோப்பா முழுவதும் அதைக் கொண்டாடியது. அந்த மருந்து நம் நாட்டில் பரவுவதற்கு இன்னும் காலம் இருந்தது. மாநாட்டிற்கும் மன்னரின் மரணத்திற்கும் இடையே கழிந்தவை ஏறக்குறைய நான்கு மாதங்கள்.

தந்தையை இழந்தபோது மூத்த மகன் கிருஷ்ணராஜனுக்குப் பத்து வயது. 1884-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் மைசூர் அரண்மனையில் பிறந்த இச்சிறுவனே பின்னாளில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் என்று புகழ்பெற்றார். நால்வடி என்பது நான்காமவர் என்பதைக் குறிக்கும் கன்னட வழக்கு. மைசூரைப் பற்றிப் பேசும்போது கிருஷ்ணராஜசாகர் அணை, மின்விளக்கு, பல்கலைக்கழகம், திவான் விசுவேசுவரய்யா என்று அடுக்குவது வழக்கம். அவையெல்லாம் உண்மையே, பலரும் எழுதியவையே. இக்கட்டுரை அம்மன்னரின் வாழ்வில் இணைந்தே ஓடிய இரண்டு இழைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒன்று இசை, மற்றொன்று மருத்துவம்.

தந்தை விட்டுச் சென்றது

சாமராஜேந்திர உடையார் இசையை ஆதரித்த மன்னர் மட்டுமல்லர்; தாமே வயலின் வாசித்தவர். வித்துவான்களுடன் அமர்ந்து சாதகம் செய்தவர். மைசூரில் சமஸ்கிருதம் பயின்றுகொண்டிருந்த வாசுதேவாச்சாரியார் என்ற இளைஞருக்கு இசையில் இருந்த நாட்டத்தைக் கண்டு, அரசுச் செலவில் அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பி, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்ய வைத்தவரும் அவரே. தியாகராஜ சுவாமிகளின் சீடர் வழி, காவிரிக் கரையிலேயே மேல்நோக்கி நடந்து மைசூரை அடைந்தது இவ்விதமாகத்தான்.

ஆகவே சிறுவன் கிருஷ்ணராஜன் வளர்ந்த வீட்டில் இசை என்பது விழாநாள் அலங்காரமாக இருக்கவில்லை. அன்றாட உணவாக இருந்தது. வீணை சேஷண்ணா, வீணை சுப்பண்ணா என்னும் இரு பெரும் வைணிகர்கள் அரண்மனையில் இருந்தார்கள். தந்தை மறைந்த வீட்டில் அவர்களுடைய வீணை தொடர்ந்து ஒலித்தது.

1895 பிப்ரவரியில் சிறுவனுக்குப் பட்டம் சூட்டப்பட்டது. அவர் உரிய வயதை அடையும்வரை தாயார் மகாராணி கெம்பநஞ்சம்மணி வாணிவிலாச சன்னிதானம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கணவரை இழந்த துயரத்தோடு பெண்ணொருத்தி நாடாள்வது அக்காலத்தில் எளிதன்று. அதற்கு மேலும் சோதனைகள் வந்தன. 1897 பிப்ரவரியில் மூத்த இளவரசியின் திருமண நாள்களில் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டு, பம்பாயில் தலைகாட்டியிருந்த பிளேக் நோய் பெங்களூரை அடைந்தது. மைசூர் நகரையும் விடவில்லை. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியே குடிசைகளில் வாழ்ந்தார்கள். பெங்களூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருக்கின்றன. அந்த நாள்களின் அச்சத்தை அறிய அப்பெயரே போதும்.

மகாராணி அஞ்சி ஒதுங்கவில்லை. 1897-இல் அவர் அடிக்கல் நாட்டிய விக்டோரியா மருத்துவமனை 1900 டிசம்பரில் பெங்களூரில் திறக்கப்பட்டது. நெருக்கமான தெருக்களும் சாக்கடையுமே நோயின் இருப்பிடம் என்று உணர்ந்து, மைசூர் நகரைத் திருத்தியமைக்க 1903-இல் ஒரு நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. இன்று மைசூருவுக்குச் செல்பவர்கள் அகன்ற வீதிகளையும் சதுக்கங்களையும் கண்டு வியக்கிறார்கள். அந்த அழகிற்குப் பின்னால் ஒரு கொள்ளைநோய் இருப்பதை அவர்களில் பலர் அறிவதில்லை.

எட்டு வாத்தியங்கள்

லோகரஞ்சன் மகால் என்ற மாளிகையில் இளவரசரின் கல்வி நடந்தது. சமஸ்கிருதம், கன்னடம், ஆங்கிலம், குதிரையேற்றம் ஆகியவற்றோடு தென்னக இசை, மேலை இசை இரண்டையும் அவர் கற்றார். வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், நாகஸ்வரம், சிதார், பியானோ, சாக்ஸபோன் என எட்டு வாத்தியங்களை வாசிக்கக் கூடியவராக அவர் விளங்கினார். 1902 ஆகஸ்ட் 8-ஆம் நாள் வைஸ்ராய் கர்சன் பிரபு அவருக்கு முழு ஆட்சியுரிமையை வழங்கினார். அன்று தொடங்கி 38 ஆண்டுகள், பகலில் கோப்புகளும் காலை மாலைகளில் பூஜையும் இசையுமாக அவருடைய வாழ்க்கை ஓடியது. அவருக்குக் குழந்தைகள் இல்லை.

அவர் அவையை அலங்கரித்தோரின் பெயர்களைச் சொன்னாலே ஓர் இசை வரலாறு ஆகிவிடும். சேஷண்ணா, சுப்பண்ணா, வாசுதேவாச்சாரியார், பிடாரம் கிருஷ்ணப்பா, அவருடைய சீடரும் ஏழு தந்தி வயலினால் புகழ்பெற்றவருமான சௌடய்யா, வீணை வேங்கடகிரியப்பா ஆகியோர் தென்னக இசைக்கு. வடநாட்டிலிருந்து அப்துல் கரீம் கான் போன்றோர் வந்து பாடிச் செல்வார்கள். மேலை இசைக்குழுவை ஓட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர் நடத்தினார். இத்தனைக்கும் நடுவே அமர்ந்திருந்த மன்னர் தாமே வாசிக்கத் தெரிந்தவராதலால், தலையாட்டும் ரசிகராக மட்டும் இருக்கவில்லை. நல்லதையும் நல்லதுபோல் தோன்றுவதையும் பிரித்தறியும் செவி அவருக்கு இருந்தது.

சரகர் அழைத்த பாடகர்கள்

இங்கே சற்று நின்று, இசைக்கும் நோய் தீர்தலுக்கும் உள்ள உறவைப் பற்றி நம் முன்னோர் என்ன கருதினார்கள் என்று பார்ப்பது பொருத்தம். தமிழ்நாட்டில் இப்பேச்சு எழுந்தவுடன் திருவாரூர் நினைவுக்கு வரும். முத்துசுவாமி தீட்சிதரின் சீடர் தம்பியப்பன், சுத்த மத்தளம் வாசிப்பவர். அவர் தீராத வயிற்றுவலியால் துன்புற்றார். ஜோதிடம் அறிந்த தீட்சிதர் அவருக்குக் குரு பகவானின் நிலை சரியில்லை என்று கண்டு, அடாணா ராகத்தில் பிருகஸ்பதி மீது ஒரு கிருதியை இயற்றிக் கற்பித்தார். அதைப் பக்தியோடு பாடிவர நோய் நீங்கிற்று. நவகிரக கிருதிகள் தோன்றிய வரலாறு இதுவே என்று குருபரம்பரை கூறும். அதை ஒரு பக்தரின் அனுபவமாகவே நாம் போற்றுகிறோம். எல்லா வயிற்றுவலிக்கும் அடாணா என்று அதிலிருந்து விதி செய்ய தீட்சிதர் முயலவில்லை.

ஆயுர்வேதம் இதை வேறு விதமாகப் பேசுகிறது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் பதினைந்தாம் அத்தியாயத்தில், சிகிச்சை தொடங்குமுன் ஆயத்தம் செய்ய வேண்டியவை சொல்லப்படுகின்றன. உறுதியான கட்டடம் வேண்டும். புகை, வெயில், தூசி நுழையக் கூடாது. ஒரு பகுதியில் நல்ல காற்று வேண்டும். குளிக்கும் இடம், கழிப்பிடம், சமையற்கூடம் வேண்டும். தூய்மையும் அன்பும் உடைய பணியாளர்கள், மருந்து அரைப்பவர்கள், நோயாளியைத் தூக்கி அமர்த்துபவர்கள் வேண்டும். பாலுக்குக் கன்றுடன் கூடிய சாதுவான பசு வேண்டும். இந்தப் பட்டியலின் நடுவே, பாட்டிலும் வாத்தியத்திலும் கதை கூறுவதிலும் வல்லவர்கள், நோயாளியின் குறிப்பறிந்து நடப்பவர்கள் அங்கே இருக்க வேண்டும் என்கிறார் சரகர்.

ராஜயட்சுமம் எனப்படும் காசநோயைப் பற்றிய அத்தியாயத்திலும் இதே பார்வை. மூலிகைகள், நெய்கள், உணவு வகைகள் எல்லாவற்றையும் விரிவாகக் கூறிய பிறகு, இறுதிப் பகுதியில், நண்பர்களைக் காண்பது, பாட்டும் வாத்தியமும் செவிக்கினிய சொற்களும் கேட்பது, மகிழ்வூட்டுவது, தேற்றுவது, பெரியோரைப் பணிவது, தானம் ஆகியவற்றையும் சேர்க்கிறார். வரிசையைக் கவனிக்க வேண்டும். பாடகர் வந்துவிட்டார் என்று மருந்து அரைப்பவரைச் சரகர் வீட்டுக்கு அனுப்பவில்லை. மருந்து அரைப்பவர் இருக்கிறார் என்று பாடகரையும் தேவையற்றவராக்கவில்லை. உடலுக்கு நேர்ந்ததை உடலின் வழியிலும், உடலோடு சேர்ந்து துன்புறும் மனத்தை மனத்தின் வழியிலும் அணுகுகிறார். அத்வைதம் பயின்றவர்கள் ஸ்தூல சூட்சும சரீரங்களைப் பற்றிய விசாரணையை இங்கே நினைவுகூரலாம். ஆனால் சரகர் பேசுவது அனுபவ மொழி.

இக்காலத்தில் இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று நீண்ட பட்டியல்கள் உலவுகின்றன. சர்க்கரை நோய்க்கு ஒரு ராகம், இரத்த அழுத்தத்திற்கு ஒன்று என்று மாத்திரையைப் போல் அளந்து தருகிறார்கள். அவற்றை நம்பி யாராவது மருந்தை நிறுத்திவிட்டால் நேரும் தீங்கு இசையின் பெயரால் நேர்ந்ததாகிவிடும். நால்வடி உடையார் எட்டு வாத்தியங்கள் அறிந்தவர், ஸ்ரீவித்யை உபாசனை நிலவிய அவையில் வாழ்ந்தவர். இத்தகைய மயக்கத்திற்கு ஆளாக அவரைவிடத் தகுந்தவர் கிடைப்பது அரிது. ஆனால் அவர் செய்தது என்ன?

தங்கையும் மூன்று பெண்களும்

மன்னருக்கு மூன்று சகோதரிகள். அவர்களுள் இளவரசி கிருஷ்ணாஜம்மணி, தளபதி தேசராஜ அரசு என்பவரை மணந்திருந்தார். முதல் உலகப் போரின்போது மைசூர்க் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவர் இந்தத் தேசராஜ அரசு. இளவரசியைக் காசநோய் பற்றியது. அரசகுலத்தில் பிறந்தவருக்குக் கிடைக்கக் கூடிய எல்லா மருத்துவமும் கிடைத்தும் அவர் இளவயதிலேயே மறைந்தார். அத்துடன் நிற்கவில்லை. அவருடைய மூன்று பெண்களும் அதே நோய்க்கு இரையானார்கள்.

அந்நாளில் காசநோய்க்கு மருந்து இல்லை. கிருமியை 1882-இல் கோக் கண்டுபிடித்துவிட்டார். கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர்கள் தர முடிந்தவை நல்ல காற்று, வெயில், சத்தான உணவு, முழு ஓய்வு, நோயாளியைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தல் ஆகியவையே. இதற்காக எழுந்தவை சானடோரியங்கள். சென்னை வாசகர்களுக்கு இச்சொல் ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவே பழகியிருக்கிறது. டாக்டர் சவரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மைசூரில் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1921-இல், நகருக்கு வெளியே ஒரு காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் பெயரையே அது தாங்கியது.

இறந்த தங்கைக்கு நினைவாக ஒரு மண்டபமோ இசைவிழாவோ அமைத்திருக்கலாம். மைசூர் மன்னருக்கு அது எளிது, இயல்பும்கூட. அவர் தங்கையைக் கொன்ற நோயை எதிர்க்கும் இடத்திற்குத் தங்கையின் பெயரை வைத்தார். அக்காலத்தில் காசநோய் என்ற சொல்லையே குடும்பங்கள் மறைத்து வந்தன. பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும் என்ற அச்சம். அரச குடும்பமே அந்த நோயைத் தன் வீட்டு நோயென்று ஊரறிய ஒப்புக்கொண்டது, ஒரு கட்டடத்தைவிடப் பெரிய உதவி என்றே தோன்றுகிறது.

வரிசையாகப் பிறவும் நிகழ்ந்தன. 1908-இல் மைசூரில் ஆயுர்வேதக் கல்லூரி தோன்றியது. 1924-இல் மருத்துவக் கல்லூரி பெங்களூரில் தொடங்கி 1930-இல் மைசூருக்கு மாறியது. சுதேச மருத்துவமா மேலை மருத்துவமா என்று நாடெங்கும் வாதம் நடந்த காலம் அது. மன்னர் அந்த வாதத்தில் கட்சி சேரவில்லை. இரண்டிற்கும் பள்ளி வைத்தார். தென்னக வீணையும் மேலைநாட்டுப் பியானோவும் ஒரே அரண்மனையில் ஒலித்தவர்க்கு இது முரணாகத் தோன்றியிராது. 1935-இல் பெங்களூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எனத் திறக்கப்பட்ட வாணிவிலாஸ் மருத்துவமனை, பிளேக் நாள்களில் நாட்டைக் காத்த தாயாரின் பெயரைத் தாங்கியது.

மனநோயாளிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெங்களூரில் பழைய காலத்திலிருந்து இருந்த பைத்தியக்கார விடுதிக்கு 1925-இல் மைசூர் அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றியது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விடுதியில் அடைப்பார்கள், மருத்துவமனையில் குணப்படுத்த முயல்வார்கள். அந்த நிறுவனமே வளர்ந்து, நிம்ஹான்ஸ் என்ற பெயரில் இந்தியாவின் தலைசிறந்த மனநல நரம்பியல் நிலையமாக விளங்குகிறது. இசையை மூளை எவ்வாறு உணர்கிறது, நரம்பு நோயுற்றவர்களுக்கு அது எந்த அளவு உதவும் என்று ஆராயும் ஆய்வுக்கூடம் ஒன்றும் இப்போது அங்கே உண்டு.

அரிகேசநல்லூரிலிருந்து வந்தவர்

இனி இசைக்கு மீள்வோம். 1927-ஆம் ஆண்டளவில் திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூரைச் சேர்ந்த முத்தையா பாகவதர் மைசூருக்கு வந்தார். கச்சேரியிலும் ஹரிகதையிலும் பெரும்புகழ் பெற்றவர். அவர் மன்னர் முன் பாடிய முதல் கச்சேரி எதிர்பார்த்தபடி அமையவில்லை என்றும், மனம் சோர்ந்த பாகவதர் ஊர் திரும்புமுன் சாமுண்டி மலையேறி அம்பிகையின் முன் மோகன கல்யாணி ராகத்தில் உள்ளமுருகிப் பாடினார் என்றும், அச்செய்தி மன்னருக்கு எட்டியது என்றும் இசையுலகில் வழங்குகிறது. அதன்பின் அவர் அரண்மனை வித்துவான் ஆனார்.

மன்னர் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். சாமுண்டேசுவரி அஷ்டோத்தரத்தின் 108 நாமங்களுக்கும் நாமத்திற்கு ஒன்றாக 108 கீர்த்தனைகள், அதுவும் கன்னடத்தில் வேண்டும். தமிழரான பாகவதர் தேவோத்தம ஜோயிஸ் என்ற பண்டிதரின் துணையோடு அதை நிறைவேற்றினார். உதடுகள் ஒட்டாத சுரங்களால் மட்டும் அமைந்த நிரோஷ்டா போன்ற புதிய ராகங்களையும் அவர் படைத்தார். மகிஷனை அழித்த சாமுண்டி மைசூர் மக்களுக்குக் குலதெய்வம். பிளேக் காலத்திலும் பஞ்ச காலத்திலும் அவர்கள் ஓடிச் சென்ற தாய். அந்தத் தாய்க்கு மன்னர் அளித்தது 108 மலர்களுக்குப் பதிலாக 108 பாடல்கள்.

குழந்தை இல்லாதவர், தந்தையையும் தங்கையையும் தங்கையின் பெண்களையும் நோய்க்குக் கொடுத்தவர். இத்தகைய மனிதர் மருத்துவமனைகளைக் கட்டியதில் கடமை இருக்கிறது. பாடல்களைக் கேட்டதில் என்ன இருந்தது? இசை நோயைத் தீர்க்காத இடத்திலும் ஒன்றைச் செய்கிறது. பிழைக்க வைக்க முடியாதவர்களை நினைத்து வாழ்வோர் நாளை எழுந்து வேலை செய்ய வேண்டும் அல்லவா? அந்த வலிமையை எங்கிருந்தாவது பெற வேண்டும். மன்னரைப் பொறுத்தவரை அது பூஜையிலிருந்தும் வீணையிலிருந்தும் வந்தது என்று கருதுவது தவறாகாது.

தத்துவமும் அவருக்குத் துணை நின்றது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்த வி. சுப்பிரமணிய ஐயர் அவருக்கு வேதாந்தம் கற்பித்தார். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை அங்கே தத்துவப் பேராசிரியர்; பிரஜேந்திரநாத் சீல் துணைவேந்தர். 1931-இல் மன்னர் கயிலை, மானசரோவர் யாத்திரையை மேற்கொண்டார். அந்நாளில் அது உயிரைப் பணயம் வைக்கும் பயணம். மகாத்மா காந்தி அவரை ராஜரிஷி என்று அழைத்தது இந்த வாழ்வையெல்லாம் கண்டுதான்.

இசை அரண்மனைச் சுவர்களைத் தாண்டியதும் அவர் காலத்திலேயே. மகாராஜா கல்லூரியின் மனவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-இல் தமது வீட்டிலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை அமைத்து, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டார். மனத்தை ஆராய்பவர் ஒருவர் இசையையும் உரையையும் வீடுகளுக்கு அனுப்ப முனைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் தர்பாருக்கு வர முடியாதவர்கள், படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் ஆகியோரின் செவிக்கு வித்துவான்களைக் கொண்டு செல்லும் வழி அன்று திறந்தது. அப்பெயரையே பின்னர் அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது.

1940

1940-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் மன்னரின் தம்பி யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார் பம்பாயில் காலமானார். அரசுரிமைக்கு அடுத்து நின்றவர். இளமையிலிருந்து துணையாக இருந்தவர். இந்த இழப்பு மன்னரின் உடலைத் தளர்த்தியது. அவர் நிறுவிய மருத்துவக் கல்லூரியின் அறிவும், அவர் வளர்த்த இசையும் அந்த இதயத்தை நெடுநாள் தாங்க இயலவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் பெங்களூர் அரண்மனையில் மாரடைப்புக்குப் பின் அவர் மறைந்தார். வயது 56.

தம்பியின் மகன் ஜெயசாமராஜேந்திர உடையார் அரியணை ஏறினார். அவர் பியானோ கலைஞராக விரும்பியவர். பின்னர் வாசுதேவாச்சாரியாரின் வழிகாட்டுதலில் 94 கிருதிகளை இயற்றியவர். லண்டனில் வறுமையிலும் இதய நோயிலும் வாழ்ந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாய் மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டுகளாகப் பதிவு செய்யப் பொருளுதவி செய்தவரும் இவரே. அந்த முதியவர் தம் கைகளால் தம் இசையை வாசித்துப் பதிவு செய்துவிட்டு 1951-இல் கண்மூடினார்.

பெரியப்பாவின் காசநோய் மருத்துவமனைக்கு இதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. நோயாளிகள் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்பதைச் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு உலகிற்குக் காட்டியது. ஒரு தலைமுறைக்கு முன் கிருஷ்ணாஜம்மணிக்கும் அவருடைய பெண்களுக்கும் கிடைக்காதது, இப்போது சேரியில் வாழும் தாய்க்கும் கிடைத்தது. மைசூருவில் அந்த மருத்துவமனை இளவரசியின் பெயரோடு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்ததாக இயங்கி வருகிறது.

1965-இல் செவித்திறனும் பேச்சும் குன்றியவர்களுக்கான அகில இந்திய நிறுவனம் மைசூரில் தொடங்கப்பட்டது. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர் பேச முடியாத சொற்களைப் பாட முடிகிறது என்பதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டிருந்தார்கள். பாட்டின் ஏற்ற இறக்கத்தில் சொற்களை ஏற்றிப் பேச்சை மீட்கும் பயிற்சியை பாஸ்டன் நகர அறிஞர்கள் 1973-இல் முறைப்படுத்தினார்கள். பேச்சுச் சிகிச்சையில் அது இன்றும் ஒரு பகுதி. மைசூர் நிறுவனத்திற்காக மானசகங்கோத்ரியில் 22 ஏக்கர் நிலத்தை அளித்தவர் முன்னாள் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். 1966 ஜூலை 25-ஆம் நாள் அந்த நிலத்தில் முதல் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன்; நால்வடி உடையாரின் காலத்தில் அதே ஊரில் தத்துவம் கற்பித்த அதே பேராசிரியர்.